உத்தரம் பொது

பத்திரத்தின் நாலாம் பக்கத்தில்,
கறையான் தின்ற ஓரத்துக்கு இரண்டு விரல் தள்ளி
அந்த வரி கிடக்கிறது:
நடைவாசல் உத்தரம் இருவருக்கும் பொது.
காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை.
எழுதியவன் மூச்சு விட்ட இடத்தில்
மை மட்டும் சற்றே தடித்திருக்கிறது.

பாரிமுனையில் மொழிபெயர்ப்பு என் பிழைப்பு.
பக்கத்துக்கு நூற்றைம்பது,
கறையான் பக்கம் இருநூறு.
கிரயம், தானம், பாகப்பிரிவினை:
செத்தவர்கள் சொன்னதை
கோர்ட்டுக்குக் கேட்கும்படி திருப்பிச் சொல்வேன்.

வக்கீல் ரெஜினா போனில் கேட்டாள்:
"ஒத்த வார்த்தைதான் மேடம்.
வடக்கா, மரமா?"

வடக்கென்றால்
வீட்டை ஒட்டி ஓடும் மூன்றடிச் சந்து பொது.
அவள் கட்சிக்காரர் தட்சிணாமூர்த்தி
அதில் ஸ்கூட்டர் நிறுத்திக்கொள்ளலாம்.
(பெயரிலேயே தெற்கை வைத்துக்கொண்டு
வடக்குக்கு வழக்காடுகிறார் மனிதர்.)
மரமென்றால்
வாசலுக்கு மேலே குறுக்கே கிடக்கும் கட்டை பொது.
சந்தும் அதன் பூட்டும் பங்காளி மாசிலாமணிக்கு.

அகராதியைத் திறந்தேன்.
உத்தரம், வடதிசை.
உத்தரம், மறுமொழி.
உத்தரம், பன்னிரண்டாம் நட்சத்திரம்.
உத்தரம், நிலைக்கால்களின் தலைமேல் கிடத்தும் விட்டம்.
ஒரே சொல்லுக்குள் நாலு குடித்தனம்,
குழாயடிச் சண்டை இல்லாமல்.
என் நட்சத்திரமும் அதுதான்.
நாற்பத்தாறு வருஷம் அர்ச்சனைச் சீட்டில் எழுதியிருக்கிறேன்,
தலைக்கு மேல் ஒரு கட்டை கிடப்பது தெரியாமல்.

மண்ணடிக்கு நேரிலேயே போனேன்.
லாரியிலிருந்து இரும்புப்பட்டை இறக்கும் சத்தத்தில்
தெரு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
வாசல் நடுவே செங்கல் சுவர்.
இரட்டைக் கதவில் இடது இவருக்கு, வலது அவருக்கு.
யாரானாலும் ஒருக்களித்துத்தான் உள்ளே போகணும்,
ஃபிரிட்ஜ் வந்த அன்று சுவரேறி வந்ததாம்.

ஏறிய சுவர் உச்சியில் நின்றுவிடுகிறது.
அங்கே ஒரே தேக்கு, ஒரே துண்டு.
இடப்பக்கம் நீலப் பெயிண்டும் காய்ந்த மாவிலையும்,
வலப்பக்கம் வார்னிஷும் எலுமிச்சை மிளகாயும்.
நடுவில்
இரண்டு பிரஷ்ஷும் தொடக் கூசிய நாலு விரல் அகலம்
வெறும் மரமாகவே இருந்தது.

திரும்பிவந்து பத்திரத்தை முதலிலிருந்து படித்தேன்.
எல்லை சொல்லும்போது
அந்த எழுத்தன் ஐந்து இடத்தில் வடக்கு என்கிறான்.
ஐந்திலும் வடக்கு, வெறும் வடக்கு.
ஆறாவது இடத்தில் மட்டும்
திசைக்குப் பட்டுச்சட்டை போட்டிருப்பானா?

"மரம்" என்றேன்.
ரெஜினா கொஞ்ச நேரம் பேசவில்லை.
தட்சிணாமூர்த்தி பேசினார், நிறைய.
மறுநாள் காலை
மாசிலாமணியும் பேசினார், அவரைவிட நிறைய:
பில்டரிடம் அட்வான்ஸ் வாங்கியாயிற்று,
கட்டை பொதுவென்றால்
பங்காளி கையெழுத்தில்லாமல் கடப்பாரை வைக்க முடியாது.
"வடக்குன்னே போட்ருங்கம்மா,
சந்து போனா போவுது."

பதினொரு வருஷ வழக்கில்
இருவரும் ஒன்றாய்க் கேட்டது இது ஒன்றுதான்.

கூப்பிட்டார்களென்று மறுபடி போனேன்.
சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு காபி,
அந்தப் பக்கம் ஒரு காபி.
இரண்டையும் குடித்தேன்.
எதுவும் மாற்றவில்லை.
கிளம்பும்போது பழக்கத்தில் வாய் சொன்னது:
"உத்தரவு வாங்கிக்கறேன்."
இரண்டு அரைக் கதவிலிருந்தும்
ஒரே நொடியில் வந்தது:
"போய்ட்டு வாங்க."
சத்தம் போய் மோதியது மேலே, அந்த நாலு விரலில்.

ராத்திரி ஆங்கிலத்தில் லிண்டல் என்று அடித்தேன்.
சரியான சொல்தான்.
அதில் வடக்கு இல்லை,
நட்சத்திரம் இல்லை,
கேட்டால் பதிலும் இல்லை.
கீழே சீல் வைத்தேன்.
பில்லில் ஒரு பக்கம்,
கறையான் ரேட்.